பழைய கட்டடத்தில் ஒரு வழியையாவது முழுமையாக்குவோம்

பழைய சமுதாயக் கூடத்தையோ நூலகத்தையோ எல்லோரும் புழங்கும்படி மாற்றலாம் என்று பேச்சு எடுத்தவுடன், லிஃப்ட் வைக்கப் பணமில்லை என்ற பதிலோடு கூட்டம் கலைந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கையில் இருக்கும் தொகை சிறியதென்றால், அதைக் கட்டடம் முழுக்கத் தூவாமல், தெருவிலிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து கழிப்பறை என ஒரே ஒரு வழியைத் தடையில்லாமல் முடிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளும், பழைய கட்டடங்களில் முதலில் நுழைவு, அடுத்து சேவை நடக்கும் இடம், பிறகு கழிப்பறை என்ற வரிசையைத்தான் பரிந்துரைக்கின்றன.

சாய்தளத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் என்றால் 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். மேலும் கீழும் சக்கர நாற்காலி நின்று திரும்ப, சுமார் ஒன்றரை மீட்டர் சமதளம் வேறு. இடமில்லை என்று இதைப் பாதியாகக் குறைத்துக் கட்டினால், ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகச் சாயும், இறங்கும்போது கையில் நிற்காது. அது இல்லாமலிருப்பதே மேல். நேராகப் போட இடமில்லாவிட்டால் நடுவே ஒரு சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். அதற்கும் முன்பாக, கட்டடத்தைச் சுற்றி வந்து எல்லா வாசல்களின் உயரத்தையும் அளந்து பாருங்கள். முன்வாசலில் மூன்று படி இருக்க, பக்கவாட்டு வாசலில் ஒரு படி மட்டுமே இருப்பதுண்டு. ஆனால் அந்த வாசலைத் தேர்ந்தெடுத்தால் அதுவே எல்லோருக்குமான வாசலாக வேண்டும். பூட்டிய பின்கதவுக்கு வெளியே ஒருவர் சாவிக்காகக் காத்திருப்பதை வசதி என்று என்னால் சொல்ல முடியாது.

கதவுகளில் செலவு குறைவு, பலன் அதிகம். நிலையின் அகலத்தை அளப்பது போதாது. கதவை 90 பாகைக்குத் திறந்து வைத்து, அதன் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளந்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும். குறைந்தது 80 செ.மீ.க்குச் சற்று மேல் வேண்டும். மூன்று நான்கு செ.மீ. குறைந்தால் நிலையை உடைக்க வேண்டியதில்லை. கதவை வழியிலிருந்து முழுதாக விலக்கித் திறக்கும் விலகு கீல்களைப் பொருத்தினாலே, கதவின் கனம் அளவுக்கு இடம் கிடைத்துவிடும். இரட்டைக் கதவில் ஒன்றை எப்போதும் தாழிட்டு வைத்திருந்தால், அந்தத் தாழ்ப்பாளை நீக்குவதற்குச் செலவே இல்லை. உருண்டைக் குமிழுக்குப் பதில் நீளக் கைப்பிடி பொருத்தினால், மூட்டுவலியால் விரல் மடங்காதவர்கூட முழங்கையால் அழுத்தித் திறக்கலாம்.

கழிப்பறை பெரும்பாலும் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அடைத்த கிடங்காகியிருக்கும். முதல் வேலை அவற்றை வெளியேற்றுவது. இரண்டு குறுகிய அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பை எடுத்தால், நாற்காலி திரும்பத் தேவையான ஒன்றரை மீட்டர் வட்டம் கிடைக்கலாம். கதவு வெளிப்பக்கம் திறப்பது முக்கியம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். பிடிக்கம்பியை, எடை தாங்கும் சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும், மெல்லிய பலகைத் தடுப்பில் அல்ல. உடலின் முழு எடையையும் அந்தக் கம்பியை நம்பித்தான் ஒருவர் தூக்குகிறார்.

படி விளிம்புகளில் தரையிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில் வழுக்காத பட்டை, இருண்ட நடைவழியில் ஒரு விளக்கு, பேசுபவர் கட்டாயம் பயன்படுத்தும் மைக் ஆகியவை பார்வையும் செவியும் மங்கியவர்களுக்குப் பேருதவி. மாடிக்கு லிஃப்ட் வரும்வரை, அங்கு நடக்கும் வகுப்பையும் கூட்டத்தையும் தரைத்தளத்துக்கு இறக்கிவிடலாம்.

இவற்றில் எதையும் தொடங்குமுன், சக்கர நாற்காலியில் வருபவர், வெள்ளைக்கோல் பிடிப்பவர், காது கேளாதவர் ஆகியோருடன் அந்த வழி முழுவதும் சென்று, அவர்கள் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நேரத்துக்கு உரிய தொகையையும் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். மிஞ்சிய பெரிய வேலைகளை வழக்கமான பராமரிப்போடு சேர்த்துக்கொள்ளலாம்: தளம் எப்படியும் மாற்றப்படும் ஆண்டில், வழுக்காத கல்லைப் போட்டு அறைகளுக்கிடையே துருத்தும் வாசற்படிகளையும் சமமாக்கிவிட்டால், கூடுதல் செலவு மிகக் குறைவு.