கை நடக்கும்போது வரும் கேள்விகள்

17 மே 2025, சனி. கானாடுகாத்தான்

விசேஷ வீடு. பந்தி முடிந்து பெரியவர்கள் தலை சாய்த்ததும் இரண்டாங்கட்டில் பாயை விரித்து போக்கர் ஆரம்பித்துவிட்டோம். டெக்சாஸ் ஹோல்டம்: ஆளுக்கு மறைவாக இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கும் சீட்டுகள். ஒரு சுற்று ஆட்டத்துக்கும் 'கை' என்றுதான் பெயர், நம்மிடம் உள்ள சீட்டுக்கும் அதே பெயர்தான். காசு கிடையாது, பந்தயம் கட்டும் சிப்ஸுக்குப் பதில் புளியங்கொட்டைதான். எல்லாரும் ரம்மி ஆடி வளர்ந்தவர்கள், வாய் ஓயாது.

தேவகோட்டை அயித்தான் நன்றாக ஆடுவார். நாம் பெரிதாக ரைஸ் செய்ததும் (பந்தயத்தை ஏற்றியதும்) முகத்தைப் பார்த்தபடி, "என்னப்பா, ராசா ஜோடியா? நான் ஃபோல்ட் பண்ணினா காட்டுவியா?" என்பார். ஃபோல்ட் என்றால் சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகுவது. நம் பதில் உண்மையா பொய்யா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். பதில் எத்தனை வேகமாக வருகிறது, குரல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் எடைபோடுகிறார்.

18 மே, ஞாயிறு

அண்ணன் மகன் கேட்டான்: "பேசாம இருந்தா போதுமா சித்தப்பா?"

எப்போதும் பேசாமல் இருந்தால் போதும். நல்ல கை வந்தால் கலகலப்பு, ப்ளஃப் (மோசமான சீட்டோடு பந்தயம் ஏற்றி மிரட்டுவது) என்றால் மௌனம் என்று மாறி மாறி இருந்தால் அந்த மௌனமே நம் சீட்டைச் சொல்லிவிடும். பார்வையும் அப்படித்தான். ரைஸ் செய்த பிறகு ஒவ்வொரு முறையும் நடுவில் கிடக்கும் சீட்டையே பார்க்கச் சொன்னேன்.

அவனுக்கு இன்னொரு சங்கடம். அயித்தான் முறையில் இருப்பவர் கேட்டு வாய் திறக்காமல் இருந்தால் நம் வீடுகளில் அது மரியாதைக் குறைவு. நான் அவர்மேல் உண்மையாகவே மதிப்பு வைத்திருக்கிறேன், அதனால் சீட்டுப் போடும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "கை நடக்கிறப்ப பதில் சொல்ல மாட்டேன் அயித்தான், முடிஞ்சதும் கேளுங்க, எல்லாம் சொல்றேன்." அவர் இதுவரை கோபித்ததில்லை.

ஒரு கேள்வி மட்டும் வேறு: "எவ்வளவு வச்சிருக்கே?" எதிராளியின் சிப்ஸ் சுமாராக எவ்வளவு என்று தெரிந்துகொள்வது ஆடுகிறவரின் உரிமை, போட்டி விதிகளும் அதை ஒப்புக்கொள்கின்றன. கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து, கையை விலக்கிக்கொண்டால் ஆயிற்று. பேசவே வேண்டாம்.

20 மே, செவ்வாய்

இன்று எனக்கு நிஜமாகவே வருத்தம். நடுவில் பொதுச் சீட்டாக ஒரு ஆஸ் விழுந்ததும், முன்பே ஃபோல்ட் செய்திருந்த ஒருவர், "அடடா, ஆஸைத் தூக்கிப் போட்டேனே!" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆட்டத்தில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு ஆஸ் இருக்கும்போது, மிச்சமுள்ள மூன்று ஆஸில் எந்த இரண்டும் சேரலாம் என்பதால், எதிராளி கையில் ஆஸ் ஜோடி இருக்க 3 வழி உண்டு. இன்னொரு ஆஸும் போய்விட்டது என்று தெரிந்தால் 1 வழிதான். அந்த ஒரு வார்த்தை ஒருவருக்குத் துணிச்சல் கொடுத்து, இன்னொருவரின் உழைப்பைக் கெடுத்துவிடுகிறது. கேள்வி கேட்பது ஆட்டத்தின் பகுதி, இது அப்படி இல்லை. நடக்கிற கையில் யாருடைய சீட்டைப் பற்றியும் பேசக்கூடாது என்று போட்டிகளில் விதியே வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். ஃபோல்ட் செய்தவர் கை முடியும்வரை சீட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று முடிவானது. இரண்டே பேர் மிச்சம் இருந்தால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாமா என்றார் அயித்தான். மூன்றாமவர் யாருக்கும் நஷ்டம் இல்லையே, சரி என்றேன்.