மதுரையில் ஏறி சென்னையில் மாறுபவர்களுக்கு

கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். அதனால் டிக்கெட் போடத் தெரிந்த ஆளுக்கு இங்கே ஓய்வே கிடையாது. எங்கள் சொந்தத்தில் அந்த ஆள் நான். "லாத்தா, மதுரை–சென்னை தனியா, சென்னை–கோலாலம்பூர் தனியா போட்டா மூவாயிரம் குறையுதே, நடுவுல ரெண்டரை மணி நேரம் இருக்கே, போதாதா?" என்று கேட்டுத்தான் பாதிப் பேர் போன் செய்வார்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் போதும்தான். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு டிக்கெட், இரண்டு பிஎன்ஆர் என்றால் முதல் விமானம் தாமதமானது இரண்டாவது விமானத்துக்குத் தெரியவே தெரியாது. கவுண்டரில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே கம்பெனியில் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. நாம் மிச்சம் பிடிக்கிற மூவாயிரம் அந்தப் பொறுப்பின் விலை.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் மாலை விமானம். வெளியூரிலிருந்து வருகிற விமானம் இறங்கி, ஆட்களை இறக்கி, அதுவேதான் திரும்பிப் போகும். மாற்று விமானம் எதுவும் நிறுத்தி வைத்திருப்பதில்லை. அன்றைக்கு வர வேண்டியது வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பி, சென்னையில் பெட்டிக்காக நின்று, எடுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு ஓடினால் கவுண்டர் மூடியாகிவிட்டது. "வெப் செக்கின் பண்ணிட்டேனே" என்றாராம். பெட்டி போடாதவர்களுக்குத்தான் அது உதவும். சரி, போனது போகட்டும் என்று மறுநாளைக்குப் புதிதாக ஒரு டிக்கெட் வாங்கிப் போய்விட்டார். திரும்பி வரும் நாளில் பார்த்தால் அந்தப் பயணமும் ரத்து. போக வர ஒன்றாக எடுத்த டிக்கெட்டில் போகும் பாதியில் ஏறாவிட்டால் வரும் பாதியையும் கம்பெனி தானாகவே அடித்துவிடும். இது பலருக்குத் தெரியாது. விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தவுடனே, அது கிளம்புவதற்கு முன்பே, கம்பெனிக்குப் போன் செய்து ஏதாவது வழி உண்டா என்று கேட்க வேண்டும்.

சின்ன ஏர்போர்ட் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். மதுரையில் எல்லாம் கைக்கெட்டும் தூரம்: வாசல், கவுண்டர், சோதனை, கேட். அதனால் எல்லாமே சுளுவாக முடியும் என்று தோன்றும். ஆனால் ஒரு விமானம் போனால் அடுத்தது எப்போது? நான் நிமிடத்தைக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். எடுக்க நினைக்கிற விமானம் ரத்தானால், அதற்குப் பின்னால் கிளம்பியும் நேரத்துக்குச் சென்னை சேரக்கூடிய இன்னொன்று அன்றைக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இருந்தால் போடுவேன். இல்லையென்றால் அதற்கு முந்தைய விமானம். இரவு பதினொன்றரைக்கு சென்னையிலிருந்து கிளம்ப வேண்டுமா, மதுரையில் மதியமே ஏறு. சென்னையில் எட்டொன்பது மணி நேரம் உட்கார வேண்டும், உண்மைதான். சாச்சா ஒவ்வொரு தடவையும் இதற்காக என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு விமானத்துக்குக் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பு, சிலர் எழுபத்தைந்து நிமிடம் முன்பே மூடுவார்கள். வரிசையில் நிற்க ஒரு மணி நேரம் வையுங்கள். பெட்டி எடுத்து முனையம் மாற இன்னொரு மணி. இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று? ஐப்பசி, கார்த்திகை என்றால் இதுவும் போதாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்குச் சென்னை ஏர்போர்ட்டை மதியம் மூடி நள்ளிரவு தாண்டித்தான் திறந்தார்கள்.

இன்னொன்று எடை. வெளிநாட்டு டிக்கெட்டில் முப்பது கிலோ என்று போட்டிருக்கும். தனியாக எடுத்த மதுரை–சென்னை டிக்கெட்டில் பதினைந்துதான். மதுரைக் கவுண்டர் முன்னால் தம்பி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உம்மா தாளில் சுற்றி, அதன் மேல் பாலிதீன் போட்டு, அதன் மேல் பழைய துண்டைச் சுற்றிக் கொடுத்த தொதல் இனிப்பு, மாசிக்கருவாடு, சாயல்குடி கருப்பட்டி. எதை எடுப்பது? கருப்பட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தொதலைத் தோள் பையில் திணித்தான். கருவாட்டுக்குப் பணம் கட்டினான். திரும்பி வரும்போதும் இதே பாடுதான்.

மலேசியா, சிங்கப்பூர் என்றால் முதலில் திருச்சியைப் பாருங்கள் என்பேன். அங்கிருந்து நேர் விமானம் உண்டு, மாறும் வேலையே இல்லை. கொழும்பு வழியாகப் போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் கொழும்பு ஏர்போர்ட்டான கட்டுநாயக்காவில் பெட்டியை எடுக்கவே இலங்கைக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு நுழைவு அனுமதி வேண்டும். எங்கள் பாட்டனார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த ஏற்பாடு. 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது, 1980-களில் அதுவும் நின்றுவிட்டது.

சென்னையிலிருந்து காலையிலோ மதியமோ விமானம் என்றால் நான் மதுரைப் பக்கமே போகச் சொல்வதில்லை. முந்தின இரவு ராமநாதபுரத்தில் ரயில் ஏறினால் காலையில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், ஸ்டேஷனுக்கு எதிரே ஏர்போர்ட். ஸ்லீப்பரில் நாற்பது கிலோ வரை இலவசம், மாசிக்கருவாட்டை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. ரயிலும் தாமதமாகும்தான். அதனால் காலை ஏழு மணி விமானத்தை இதில் நம்பிப் போடாதீர்கள், அதற்கு ஒரு நாள் முன்பே போய்ச் சென்னையில் தங்கிவிடுங்கள்.

மச்சானைப் போல விமானத்தை விட்டவர்களுக்கு ஒரு தகவல். ஏறாத டிக்கெட்டிலும் விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் திருப்பித் தர வேண்டும் என்பது இங்கே விதி. கேட்காவிட்டால் சில கம்பெனிகள் பேசாமல் இருந்துவிடும். டிக்கெட்டைப் போட்ட இடத்திலேயே எழுதிக் கேளுங்கள், பிஎன்ஆர் எண்ணைச் சேர்த்து.