புது ஊர் – ஜூன் குறிப்புகள்

ஜூன் 3
தூக்கம் வரவில்லை. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையில் ஒரு பாதி சரியாகத் தூங்காமல் காவல் இருக்கும் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு இரண்டு பாதியும் காவல்தான்.

ஜூன் 4
ஃபோன் வரவில்லை.

ஜூன் 6
ராத்திரி ரயில். பகலில் அப்படி ஒன்று ஓடுவதே தெரியாது, தண்டவாளம் எங்கேயோ தள்ளி இருக்கிறது. பதினொன்றரைக்கு மேல் ஜன்னலை ஒட்டிப் போகிற மாதிரி கேட்கிறது. பகலில் தரையோரக் காற்று சூடாக இருப்பதால் சத்தம் மேலே வளைந்து போய்விடும், ராத்திரி தரை குளிர்ந்து மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக நிற்கும்போது அதே சத்தம் கீழே வளைந்து வந்து இறங்கும், மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் இன்னும் அதிகம். காரணம் தெரிந்து என்ன, எழுப்பிவிடுகிறதே.

ஜூன் 9
"நேத்து ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரிஞ்சுதே, உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. அக்கறைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு மணிக்கு அவர் ஏன் விழித்திருந்தார் என்று நான் கேட்க முடியுமா? நகரத்துக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இருப்பது ஒரு தற்காப்பு என்று 1903லேயே ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மல் எழுதிவிட்டார். அந்தத் தற்காப்பு இங்கே செல்லாது. எதிரே வருகிறவரைப் பார்த்துத் தலையாட்டாமல் போனால் சாயங்காலத்துக்குள் அதுவே சேதி.

ஜூன் 10
மழை. ரயில் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 13
காதுக்குள் மெல்லிசாக ஒரு விசில். பயந்துபோனேன், இதையும் போய்க் காட்ட வேண்டுமோ என்று. அப்புறம் ஞாபகம் வந்தது, 1953இல் காது நன்றாகக் கேட்கிறவர்களைச் சத்தமே நுழையாத அறையில் உட்கார வைத்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அது நிற்கும்போதுதான் தெரிகிறது. ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும், மேலே வைத்த டம்ளர் கிணுங்கும். டம்ளரை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.

ஜூன் 14
வானம்! இத்தனை நட்சத்திரத்தைப் பார்த்து எவ்வளவு காலம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரைமணி நேரம் ஆகும், அதுவரை ஃபோன் வெளிச்சம் கண்ணில் படவே கூடாது. என்னால் அரைமணி நேரம் ஃபோனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 15
வரவில்லை.

ஜூன் 17
இரண்டு தெரு தள்ளி இருப்பவர், பேர்கூடத் தெரியாது, "ரிசல்ட் வந்துடுச்சாம்மா?" என்கிறார். நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்கப்போனால் இத்தனை நாளில் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்கும் சேர்த்துக் கோபம்.

ஜூன் 18
நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். ஃபோனில் சொல்ல மாட்டார்களாம். காலை முதல் பஸ். நிறுத்தத்தில் யாராவது எங்கே என்று கேட்பார்கள், பதில் யோசித்து வைக்க வேண்டும். அக்கா வீட்டுக்கு என்று சொல்லலாம். ஆனால் அக்கா நாளைக்கு இங்கே வருகிறாள் என்று பக்கத்து வீட்டில் ஏற்கெனவே