பழைய எக்ஸ்பி கணினியும் டொமைன் ஷேரும்: அடைப்பு எங்கே?

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியில் டொமைன் ஷேர் (அலுவலக நெட்வொர்க்கின் சர்வரில் பகிரப்பட்ட ஃபோல்டர்) திறக்காவிட்டால் பலரும் முதலில் பர்மிஷனில்தான் கை வைக்கிறார்கள். 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தாலும் திறக்காது. பெரும்பாலும் இணைப்பு அந்த இடம்வரை போயிருக்கவே இருக்காது.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' கட்டளையால் இணைத்துப் பாருங்கள், பிழை எண் கிடைக்கும். 53 வந்தால் சர்வரின் பெயர் தெரியவில்லை, அல்லது வழியில் ஃபயர்வால். பெயருக்குப் பதில் ஐபி கொடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 64 வந்தால் சர்வரே இணைப்பைத் துண்டிக்கிறது. 1326 என்றால் லாகினில் சிக்கல். 5 வந்தால்தான் பர்மிஷன் பக்கம் போக வேண்டும்: ஷேருக்குக் கொடுத்த பர்மிஷன், வட்டில் உள்ள ஃபைல்களுக்கான என்டிஎஃப்எஸ் பர்மிஷன் இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

எக்ஸ்பியில் அதிகம் தொல்லை தருவது 64. ஃபைல் பகிர்வுக்கான புரோட்டோகால் எஸ்எம்பி; அதில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது பழைய எஸ்எம்பி 1 மட்டும். விண்டோஸ் சர்வர் 2019-இல் அது இயல்பாகவே நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 தெரியும் என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

அதற்காக டொமைன் சர்வரில் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடாதீர்கள். 2017-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது அந்த வழியாகத்தான். ஒரு பழைய கணினிக்காக எல்லாருடைய ஃபைல்களையும் பணயம் வைக்கக் கூடாது. நடுவில் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியில் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைல் பகிரும் மென்பொருள்) நிறுவி, டொமைனில் சேர்த்து, பகிர வேண்டிய அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அதில் வையுங்கள். சாம்பா 4.11 முதல் எஸ்எம்பி 1 இயல்பாக அணைந்தே இருக்கும். அதன் அமைப்பில் குறைந்தபட்ச சர்வர் புரோட்டோகாலை 'என்டி1' (அதாவது எஸ்எம்பி 1) என்று மாற்ற வேண்டும். புதிய கணினிகள் அதே ஃபோல்டரை எஸ்எம்பி 3-இல் திறக்கும். பழைய கணினிக்கு இந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் வழி விடாதீர்கள், இணையம் உட்பட.

இனி லாகின். பாஸ்வேர்டை நிரூபிக்க எக்ஸ்பி இயல்பாக அனுப்புவது பழைய எல்எம், என்டிஎல்எம் முறைப் பதில்கள். சாம்பா எதிர்பார்ப்பது அதைவிடப் புதிய என்டிஎல்எம்வி2. அதனால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாது. எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) 'எல்எஸ்ஏ' கீயின் கீழ் 'எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல்' மதிப்பை 3 ஆக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள். இதைத் தவிர்க்க சாம்பாவைத் தளர்த்துவது தவறு. பயனர் பெயரை 'டொமைன்\பெயர்' என்றே கொடுக்க வேண்டும். வெறும் பெயர் கொடுத்தால் எக்ஸ்பி தன் சொந்தக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

1219 வந்தால் அதே சர்வரில் வேறு பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருக்கிறது. 'நெட் யூஸ்' பட்டியலில் பார்த்து அதை நீக்குங்கள்.

எக்ஸ்பியும் டொமைனில் சேர்ந்திருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும். டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாகப் பொறுப்பது 5 நிமிட வித்தியாசம்தான்.