மார்கழிப் பனியும் கோழிக்கூடும்

நம்ம ஊரில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் மார்கழி விடிகாலையில் பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து வீடான சாளைக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். போன வருசம் கோழிக்கூட்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டேன், காலையில் திறந்தால் எச்ச நெடி கண்ணைக் கரிக்கிறது, கூரைத் தகரம் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, கீழே உமியெல்லாம் சொதசொத.

“கோழி குளிரு தாங்கும் சாமி, ஈரந்தான் தாங்காது” என்றார் ஆத்தா.

சரி, இந்த வருசம் வாடை அடிக்கிற வடக்குப் பக்கம் மட்டும் சாக்கு, கூரைக்கடியில் ஒரு சாண் திறப்பு, தரையில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த உமி. குஞ்சுகளுக்குத்தான் முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். தகர வளையத்துக்குள் குண்டு பல்பு தொங்குகிறது, அதன் கீழே குமிந்தால் இறக்குகிறேன், ஓரத்துக்கு ஓடினால் ஏற்றுகிறேன். தெர்மாமீட்டர் வாங்கவே இல்லை.