மார்மலேட்: சர்க்கரை போடுவதற்கு முன்னால்

ஆரஞ்சுத் தோலும் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் ஜாம்தான் மார்மலேட். அது இறுகவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரையை. இன்னும் கொஞ்சம் கொட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விடு என்று போய், கடைசியில் மிஞ்சுவது கருத்துப்போன பாகு. தப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே, தோல் வெந்துகொண்டிருந்த நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஒரு தடவைக்கு இந்த அளவு போதும்: இனிப்பு ஆரஞ்சு 750 கிராம், எலுமிச்சை 250 கிராம், தண்ணீர் 2 லிட்டர், சர்க்கரை 1.5 கிலோ. 250 மில்லி புட்டிகள் ஏழு நிறைந்து கொஞ்சம் மிஞ்சும். எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் போட வேண்டாம். நீர் வற்ற நேரம் இழுக்கும், அதற்குள் நிறம் கெட்டு, ஜாமை இறுக வைக்கும் பழப் பசையான பெக்டினும் சிதைய ஆரம்பிக்கும். எலுமிச்சை வெறும் ருசிக்காக அல்ல. பெக்டின் வலை போலக் கட்டிக்கொள்ள நல்ல புளிப்பு வேண்டும், புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). இனிப்பு ஆரஞ்சு தனியாக அந்த அளவுக்குப் புளிக்காது. செவில் ஆரஞ்சு போன்ற கசப்பு ரகம் கிடைத்தால் எலுமிச்சையை ஒன்றிரண்டாகக் குறைத்து, சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

பாத்திரம் அகலமாக, அடி கனமாக, எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் வெற்று இரும்பும் புளிப்போடு சேர்ந்து உலோக வாடை அடிக்கும். சர்க்கரை போட்ட பிறகு பொங்கி எழும், அதனால் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது.

பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். சாறு பிழிந்து, தோலை 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கவும். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதையைக் கசக்கும் என்று சுரண்டி எறிபவர்கள் உண்டு. பெக்டின் இருப்பதே அதிலும் கொட்டையிலும்தான். ரொம்பத் தடிப்பாக இருந்தால் கொஞ்சம் சீவி எடுங்கள், ஆனால் எறியாதீர்கள். அதையும் கொட்டைகளையும் உள்தோலையும் மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, தோல், சாறு, தண்ணீரோடு சேர்த்து ராத்திரி முழுக்க ஊறவிடவும்.

மறுநாள் மூட்டையோடு மெல்லிய தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேக வேண்டும். இங்கே அவசரம் கூடாது. சர்க்கரை விழுந்த நிமிடத்தோடு தோல் வேகுவது நின்றுவிடும். அரைவேக்காட்டுத் தோல் பாகில் கிடந்து தோல் வார் மாதிரி விறைத்துப் போகும், பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் இளகாது. ஒரு துண்டை ஆறவைத்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். 'கிட்டத்தட்ட நசுங்குகிறது' என்றால் இன்னும் இருபது நிமிடம்.

மூட்டையை எடுத்துத் தட்டில் ஆறவைத்து, சாற்றுப் பாத்திரத்துக்கு மேலேயே இறுக்கிப் பிழியவும். முதலில் தண்ணீராக வரும், நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று துணியின் இழைகளுக்குள்ளிருந்து பிதுங்கி வருவதுதான் பெக்டின். அதைக் கடைசி சொட்டு வரை வழித்துப் போடுங்கள். இப்போது பாத்திரத்தில் இருப்பது சுமார் ஒன்றரைக் கிலோ எடைக்கு வந்திருக்க வேண்டும். அதிகம் இருந்தால் சர்க்கரை போடும் முன்பே வற்றவிடுங்கள்.

சர்க்கரையைக் கொட்டி, சிறு தீயில் முழுதாகக் கரையும்வரை கிளறவும். கரண்டியின் பின்பக்கம் நறநறவென்று ஒரு பருக்கைகூடத் தட்டக் கூடாது. கரையாமல் கொதித்தால் பிறகு புட்டியில் கற்கண்டு பூக்கும். கரைந்ததும் தீயை முழுக்கத் திருப்புங்கள். 15 முதல் 25 நிமிடம். முதலில் வெள்ளை நுரையாகப் பொங்கும், பிறகு அடங்கி, பளபளப்பான கனத்த குமிழ்கள் 'பொளக், பொளக்' என்று மெதுவாக வெடிக்கும். அப்போதுதான் பதம் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

கம்பிப் பதம் பார்த்துப் பழகிய கை இங்கே ஏமாறும். கம்பி சொல்வது சர்க்கரையின் அடர்த்தியை மட்டும். பெக்டின் கட்டுமா என்பது அதில் தெரியாது. வெப்பமானியில் ஜாம் பதத்துக்கு 104.5 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருப்பதும் கடல்மட்டத்துக்கான கணக்கு. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். ஆகவே உங்கள் அடுப்பில் வெறும் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ, அதோடு நாலரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானி கோளாறாக இருந்தாலும் இந்தக் கணக்கில் நேராகிவிடும். அதோடு ஃப்ரீஸரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஆடை சுருங்கினால் ஆயிற்று. அந்த ஒரு நிமிடமும் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தைக் கொதிக்க விட்டுப் பதம் தாண்டுகிறவர்கள்தான் அதிகம்.

தராசு இருந்தால் இன்னும் நிம்மதி. காலிப் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வையுங்கள். 1.5 கிலோ சர்க்கரை போட்ட மார்மலேட் 2.4 கிலோவுக்குப் பக்கத்தில் வந்தால் இனிப்பு 65 சதவீதத்தை எட்டிவிட்டது என்று அர்த்தம். பூஞ்சைக்கு வேண்டிய நீரைக் கட்டிப்போடுவது இந்த அடர்த்திதான். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் அது ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களில் தீர்க்க வேண்டிய பண்டம், அலமாரியில் வைக்கும் பண்டம் அல்ல.

இறக்கியதும் 10 நிமிடம் ஆறட்டும், நுரையை எடுத்து ஒரு கிளறு. சுடச்சுட ஊற்றினால் தோல் எல்லாம் மேலே மிதந்து, அடியில் வெறும் ஜெல்லி நிற்கும். 10 நிமிடம் கொதிநீரில் கிடந்த சூடான புட்டிகளில் விளிம்புக்கு 6 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடி, மறுபடி கொதிநீரில் மூழ்க வைத்து 10 நிமிடம். உயரமான ஊர் என்றால் கூடுதலாக 5 நிமிடம். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை நம்ப வேண்டாம், சூடு அதில் போதாது. ஆறிய பின் மூடியின் நடு உள்வாங்கி, அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வராமல் இருக்க வேண்டும்.

இதே முறையில் காய்கறியையோ எண்ணெயில் போட்ட பூண்டையோ புட்டியில் அடைத்து வெளியே வைக்கவே வைக்காதீர்கள். மார்மலேடைக் காப்பாற்றுவது அதன் புளிப்பு. பிஎச் 4.6-க்கு மேல் போனால் போட்டுலினம் கிருமி புட்டிக்குள் காற்றில்லாத இடத்தில் வளர்ந்து விஷம் சுரக்கும். அதன் வித்துகள் கொதிநீருக்குச் சாகாது, 121 டிகிரி எட்டும் அழுத்தக் கலன் வேண்டும்.

ஆறியும் நீர்த்தே இருந்தால் உடனே அடுப்பேற்ற வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள்; இறுக நேரம் எடுக்கும். அப்போதும் ஓடினால் எல்லாவற்றையும் பாத்திரத்தில் திருப்பி, இரண்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டில் பார்த்தபடி கொதிக்க வையுங்கள். புட்டிகளை மறுபடி கொதிநீரில் போட்டுக்கொள்ளலாம், மூடி மட்டும் புதியதாக இருக்க வேண்டும்.