கேமரன் மலையில் ஒரு லிட்டர் டர்போ

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலை போய்வந்தோம். வண்டி ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. கார் வாங்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழில் சின்னக் கார்களுக்கான ‘ஏ’ பிரிவுக்கு 1,600 சிசி, 130 குதிரைத்திறன் என்று வரம்பு இருப்பதால் சிங்கப்பூரில் இந்த மாதிரிச் சின்ன டர்போ கார்கள் நிறைய ஓடுகின்றன. புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான் என்னும் ஊரில் அவற்றுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊரோ சுமார் 1,440 மீட்டர் உயரம்.

சிங்கப்பூர் கார் துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மலேசியாவுக்குள் போக முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் 95 போட்டு முழுதாகவே நிரப்பிக்கொண்டேன். “மலைக்குப் போறே, 98 போட்டாத்தான் இழுக்கும்” என்று நண்பர்கள் சொன்னார்கள். எண் கூடினால் வலு கூடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது சரியில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

95, 98 என்னும் ரோன் எண், அதாவது ஆக்டேன் அளவு, காட்டுவது பெட்ரோலின் சக்தியை அல்ல, அதன் பொறுமையை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும்போது சூடேறும். தீப்பொறியிலிருந்து தீ பரவி வருவதற்குள் மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். எண் கூடக் கூட பெட்ரோல் அதை அதிகம் தாங்கும். டர்போ கூடுதல் காற்றைத் திணிப்பதால் மிதிக்கும்போது அழுத்தமும் சூடும் அதிகம். மலையில் வண்டி மெதுவாகப் போகும். டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குக் காற்று சரியாகக் கிடைக்காது. உள்ளே போகும் காற்றே சூடாக இருக்கும். நாக்கிங் தொடங்கினால் சென்சார் பிடித்துவிடும், கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இஞ்சின் பிழைக்கும், ஆனால் இழுவை குறையும்.

உயரம் ஏற ஏற ஆக்டேன் தேவை குறையும் என்பார்கள். டர்போ இல்லாத காருக்கு அது பொருந்தும். தானா ராத்தாவில் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. சாதாரண இஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும், நாக்கிங்கும் குறையும். டர்போ அந்த இழப்பை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை மேலும் அழுத்துகிறது. அதனால் அதற்கு அந்தச் சலுகை பெரிதாகக் கிடைப்பதில்லை.

மலையடிவார ஊரான தாப்பாவில் மாமா ஏறிக்கொண்டார். பல காலம் இந்த மலையில் காய்கறி லாரி ஓட்டியவர். லாத்தா இஸ்கந்தர் அருவி தாண்டி வளைவு மேல் வளைவு. ஐந்து பேர், பெட்டிகள், ஏசி. ஆட்டோ கியர் பெட்ரோலை மிச்சப்படுத்தப் பார்த்து மேல் கியரிலேயே நின்றது; ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுழலும் எண்ணிக்கை) 1,500ஐ ஒட்டி. மிதித்தாலும் வண்டி தயங்கியது. “எண்ணெயைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல கியரைக் கொறைடா” என்றார் மாமா. மேனுவலுக்கு மாற்றி 3,000ஐ ஒட்டி வைத்துக்கொண்டேன். அதே 95 பெட்ரோல்தான், ரிங்லெட் வரை தயக்கமே இல்லை! சின்ன டர்போவுக்கு ஆபத்தான நிலை குறைந்த ஆர்பிஎம்மில் முழு மிதி. தீப்பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறும் அங்கேதான் வரும். அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது.

திரும்பும்போது பெட்ரோல் போட வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்கு ரோன் 95 விற்க மலேசியா 2010 ஆகஸ்டிலிருந்து தடை விதித்திருக்கிறது. எனவே 97. நம் ஊர் விலையோடு பார்த்தால் அதுவும் மலிவுதான். அதைப் போட்டபின் மாமாவை ஈப்போவில் விட, மலையின் மறுபக்கம் இறங்கும் சிம்பாங் பூலாய் சாலை வழியாகப் போனோம். நடுவே வந்த ஏற்றங்களில் கால் உணரும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. என் காரின் கையேடு கேட்பது 95. அதற்கு மேல் கொடுப்பதால் பெரிய லாபம் இல்லை. 98 கேட்கும் காருக்குக் கதை வேறு, அதற்கு 98தான் போட வேண்டும். 95 கேட்கும் டர்போவுக்கு சிங்கப்பூரில் கிடைக்கிறதே என்று 92 போட்டு மலையேறுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் முறை போகிறவர்கள் சிம்பாங் பூலாய் வழியாகவே ஏறுங்கள். தூரம் கூடுதல்தான், ஆனால் சாலை அகலம், வளைவுகளும் இதம்.